டெலியாவுக்குத் தட்டைத் தொப்பி

ஹார்லன் ஊர்ப் பள்ளியில் எதற்கு மரியாதை செய்ய வேண்டுமானாலும் அதைக் கால்பந்து மாதிரி ஆக்கிவிடுவார்கள். மேற்கு டெக்சஸில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. கல்லூரி அணிக்குத் தேர்வான பையன் மேசை முன்னால் உட்கார்ந்து, வரிசையாக வைத்திருக்கும் கல்லூரித் தொப்பிகளில் ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்ப்பான், ஊரே எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்தச் சடங்கை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெளிநாட்டு மொழி தேர்ந்தெடுக்கும் நாளுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டார் பள்ளி மாவட்டத்தின் தலைவர் டாக்டர் ஹாக்கெட்.

உள்ளரங்கம் நிறையக் கூட்டம். பேண்டு வாத்தியம், புகை விடும் யந்திரம், பாப்கார்ன். நடுவில் மேசை, மேசைமேல் இரண்டே தொப்பிகள். ஸ்பானிஷ் எடுப்பவர்களுக்கு மெக்சிகோக்காரர்களின் அகலத் தொப்பி, குஞ்சம் வைத்தது, விருந்துச் சாமான் கடையில் வாங்கியது. பிரெஞ்சு எடுப்பவர்களுக்குக் கறுப்புத் தட்டைத் தொப்பி. அதுவும் அதே கடைதான்.

ராய் கின்டானா எரிவாயு லாரியை வெளியே நிறுத்திவிட்டு, கம்பெனிச் சட்டையோடு மேல்படியில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். டெலியா விடுவிடுவென்று நடந்து வந்து, யோசிக்காமல் அகலத் தொப்பியைப் பிடித்தாள். மொழித்துறை இயக்குநர் டாக்டர் வெண்டல் அதன் மறு விளிம்பைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். பிறகு வெண்டல் தட்டைத் தொப்பியை எடுத்து அவள் தலையில் அழுத்தி வைத்தார். பேண்டு முழங்கியது. எல்லாரும் தட்டினார்களே என்று ராயும் கை தட்டிவிட்டான்.

அடுத்து வந்த டக்கர் என்ற பையன் எந்தத் தொப்பியானாலும் சரி, பாப்கார்ன் எப்போது என்று கேட்டான். அகலத் தொப்பி அவனுக்குப் போனது.

லாரியில் டெலியா தட்டைத் தொப்பியைக் காலடியில் போட்டு மிதித்தாள். "பிரெஞ்சைக் கத்துக்கிட்டு நான் யார்கிட்டப்பா பேசுறது? தாத்தாகிட்டயா?"

அங்கேதான் வலி. ராயின் அப்பா எவரிஸ்டோவுக்கு முந்தின குளிர்காலத்தில் மூளையில் ரத்தம் கட்டியது. பிழைத்து வந்தார். ஆனால் அறுபது வருடமாகப் பேசிவந்த ஆங்கிலம் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது பிள்ளையாக இருந்தபோது பேசிய ஸ்பானிஷ் மட்டும். அது அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ராய்க்குச் சாப்பாட்டுப் பெயர்கள் தெரியும், நாலு கெட்ட வார்த்தை தெரியும். அவன் மனைவி கோனி ஒக்லஹோமாக்காரி, அவளுக்கு அந்த நாலும் தெரியாது. தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கிழவர் டெலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொல்வார். கெஞ்சுவார். தண்ணீர் கொடுப்பார்கள், போர்வை கொடுப்பார்கள், ஸ்பானிஷ் தெரிந்த பாதிரியாரைக்கூட ஒரு தடவை கூட்டி வந்தார்கள். வெளியாள் முன்னால் அவர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். குழறிய பேச்சைக் கைபேசியிடம் காட்டினால், ஆயருக்கு டயர் வேண்டுமாம் என்று அது மொழிபெயர்த்தது.

"அவரு ஏதோ சொல்லணும்னு தவிக்கிறாருப்பா. சொல்லாமலே போயிட்டாருன்னா?" என்றாள் டெலியா.

ராய் லாரியைக் கிளப்பினான். மறுநாள் காலையில் வெண்டல் அறைக்குப் போய் நின்றான்.

வெண்டலின் அறையில் ஈபிள் கோபுரம் பல அளவுகளில் இருந்தது. விளக்கு ஒன்று, பேனாத்தாங்கி ஒன்று, மிட்டாய்க் கிண்ணம் ஒன்று. பிரெஞ்சில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களைப் பாரிசுக்கு அழைத்துப்போவது அவர் பொறுப்பு. வகுப்பில் தலை குறைந்தால் பாரிசும் குறைந்துவிடும்.

"உட்காருங்க மிஸ்டர் கின்டானா. உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இது வெளிநாட்டு மொழி வகுப்பு. ஸ்பானிஷ் உங்களுக்கு வெளிநாட்டு மொழி இல்லையே."

"எங்களுக்கு அது தெரியாதே சார்."

"தெரியாதுன்னு நீங்க நினைக்கிறீங்க. அது உள்ள இருக்கு. பேர்லயே இருக்கு. கின்டானா." அவர் அந்தப் பெயரை வாய்க்குள் உருட்டி ருசித்தார். "டக்கர் மாதிரிப் பசங்க ஒண்ணுமே இல்லாம வர்றாங்க. உங்க பொண்ணை அவங்களோட உட்கார வெச்சா அது அநியாயம் இல்லையா? எங்க பள்ளி சமத்துவத்தை நம்புது."

"அவளைச் சோதிச்சுப் பாருங்க சார். ஒரு வார்த்தை தெரிஞ்சா நான் இப்படியே எழுந்து போயிடுறேன்."

"போன மாசமே சோதிச்சாச்சு. பூஜ்யம் வாங்கியிருக்கா."

"அப்ப சரிதானே?"

வெண்டல் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டர் கின்டானா, நிஜமாவே தெரியாத பிள்ளை குருட்டாம்போக்குல நாலு சரியாப் போட்டுடும். டக்கர் ஏழு போட்டான். எல்லாத்தையும் தப்பாப் போடணும்னா எது சரின்னு தெரிஞ்சிருக்கணும். உங்க பொண்ணு கெட்டிக்காரி."

ராய் தலையைச் சொறிந்தான். இந்த ஆள் தன்னைக் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே நம்புகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தான். நிஜமாகவே நம்பினார்.

"சரி, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டு மொழி உங்களுக்கே ஏன் தெரியல?" என்று வெண்டல் அன்பாகக் கேட்டார். "அதுல உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"எங்கப்பா இதே பள்ளிக்கூடத்துலதான் சார் படிச்சாரு. ஸ்பானிஷ்ல வாயைத் திறந்தா மட்டையால அடிப்பாங்களாம். துளை போட்ட மரமட்டை. அதனால எங்ககிட்ட அவரு அதைப் பேசவே இல்ல. பிள்ளைங்களாச்சும் அடி வாங்காம இருக்கட்டும்னு."

வெண்டல் கையைக் கூப்பினார். பிறகு, "அது வேற நிர்வாகம்," என்றார். கிண்ணத்தை நகர்த்தி ஒரு மிட்டாயும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ராய் சொன்னதைக் கேட்டு கோனி கத்தியைக் கீழே வைத்தாள். "அடிச்சுப் புடுங்கினது அவங்க. இப்ப உங்கிட்டத்தான் இருக்கு, ஒளிச்சு வெச்சிருக்கேன்னு சொல்றதும் அவங்களா? நீ அந்த மிட்டாயை வாங்கித் தின்னியா?"

"தின்னேன்."

"உன்னை என்ன சொல்ல," என்றாள் கோனி.

பள்ளி வாரியக் கூட்டத்தில் ஊர்க்காரன் எவனும் எழுந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. அவன் பேசி முடித்ததும் வாரியம் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் எல்லாரும் முகத்தைச் சாய்த்து, நோயாளியைப் பார்ப்பது போலக் கனிவாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோனிக்கு அன்று வேலை இருந்ததால் ராய் அப்பாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். டெலியாவும் கூட வந்தாள்.

அன்றைக்கு வாரியம் குஷியாக இருந்தது. உலக மொழிகள் மையம் என்று புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. முகப்புச் சுவரில் பொறிக்க ஒரு வாசகம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுபற்றிப் பேசியே ஒரு மணி நேரம் போயிற்று. பின்வரிசையில் கூட்டிப் பெருக்குகிறவர்களும் உணவுக்கூடத்துப் பெண்களும், கூட்டம் எப்போது முடியும், நாற்காலியை எப்போது மடக்கலாம் என்று காத்திருந்தார்கள்.

ராய் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றான். லாரியில் வரும்போது அழகாகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "என் பொண்ணுக்கு ஸ்பானிஷ் வேணும்," என்றான். "எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல." பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். தலைவர் ஹாக்கெட், பேச்சு முடிந்தது போலும் என்று மரச் சுத்தியலை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினார்.

மரத்தின்மேல் மரம் விழுந்த அந்தச் சத்தம் கேட்டதும் எவரிஸ்டோ நிமிர்ந்தார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றார். மாதக்கணக்கில் குழறிக்கொண்டிருந்த வாயிலிருந்து ஸ்பானிஷ் பளிங்கு மாதிரித் தெளிவாக வந்தது. நாலே வாக்கியம். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, வாரியத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. உணவுக்கூடத்துப் பெண் ஒருத்தி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

ஹாக்கெட்டின் கண் கலங்கியிருந்தது. விதியை மீறிப் பேசினார்.

"நண்பர்களே, எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அதைச் சொல்லிக்க நான் வெட்கப்படல, பெருமைப்படுறேன். ஏன்னா மொழி புரியாதபோதுதான் மனசு புரியுது. இந்தப் பெரியவர் தன் பள்ளிக்கூடத்துக்கு நன்றி சொல்ல எழுந்து நின்னார். நமக்கு வாசகம் கிடைச்சாச்சு. டாக்டர் வெண்டல், நீங்க என்ன சொல்றீங்க?"

வெண்டல் படித்தது பிரெஞ்சு மட்டும். ஸ்பானிஷ் தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? "உணர்ச்சி அப்படியே எனக்குப் பிடிபட்டது சார். அடிப்படையில ரெண்டும் ஒரே குடும்பத்து மொழிதானே," என்றார்.

வாரியத்தில் ட்ரெவினோ என்று ஸ்பானிஷ் பெயர் கொண்ட ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்பாவும் அதே மட்டையால் அடி வாங்கியவர்தான். அவருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் ஆழமாகத் தலையாட்டினார்.

ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அடுத்த விஷயமாக, டெலியா கின்டானாவின் கோரிக்கையை நிராகரித்தார்கள். அதுவும் ஒருமனதுதான்.

லாரிக்குப் பக்கத்தில் ஸ்பானிஷ் ஆசிரியை மிஸ் ஓகாம்போ காத்துக்கொண்டு நின்றாள். மெக்சிகோ எல்லை ஊரான எல் பாசோவிலிருந்து வந்தவள், சின்ன உருவம், சிரிப்பை அடக்கி அடக்கி மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"உங்கப்பா என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"நன்றின்னாங்களே."

"நன்றியா?" மிஸ் ஓகாம்போ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'இந்தப் பள்ளிக்கூடத்தில் என் மொழியைப் பேசியதற்காக என்னை அடித்தார்கள். அடித்தவர்கள் கழுதைகள். இப்போது உட்கார்ந்திருப்பவர்களும் அதே கழுதைகள்தான். சட்டை மட்டும் நல்லதாகப் போட்டிருக்கிறார்கள்.' இதான் சொன்னாரு."

ராய் அப்பாவைப் பார்த்தான். கிழவர் லாரியின் முன்னிருக்கையில் டெலியா போட்டுவிட்ட பெல்ட்டோடு தெருவிளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்குகிற ராய் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் அப்பா பேசியதைக் கேட்டான் என்று சொல்ல வேண்டும். அவனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அது நல்ல குணமில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் இனித்தது.

"இப்பதான் வெண்டல் என்கிட்ட வந்தாரு," என்றாள் மிஸ் ஓகாம்போ. "ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்துப் பிசகாம எழுதிக் கொடுக்கணுமாம். அர்த்தம் எழுதட்டுமா சார்னு கேட்டேன். 'வேண்டாம், அது என்கிட்ட இருக்கு'ன்னுட்டாரு. நீங்க வேணாம்னா சொல்லுங்க, நான் இப்பவே போய் உடைச்சுச் சொல்லிடுறேன். உங்கப்பா வார்த்தை இது. முடிவு உங்களோடது."

டெலியா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ராய் நெடுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை.

"கேட்டதைச் செய்யுங்க மேடம். எழுத்துப் பிசகாம."

அவள் தலையசைத்தாள். பிறகு டெலியாவின் பக்கம் திரும்பினாள். "உன்னை என் வகுப்புல சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஆனா தண்டனை கொடுக்க எந்த ஆசிரியருக்கும் அதிகாரம் உண்டு. மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் அறையில உட்கார வைக்கலாம். சம்மதமா?"

ஆகஸ்டில் பள்ளி திறந்த அன்றே டெலியா தண்டனை வாங்கினாள். காலணி நாடா அவிழ்ந்திருந்தது குற்றம். மறுநாள், நாடாவை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் தாழ்வாரத்தில் திமிராகக் கொட்டாவி விட்டாள். காலையில் வெண்டல் வகுப்பில் பாலாடைக்கட்டிகளின் பெயர்களைப் பிரெஞ்சில் ஒப்பிப்பாள், மதியம் மிஸ் ஓகாம்போவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தண்டனை அனுபவிப்பாள். தாத்தாவை அடித்து நிறுத்திய மொழி பேத்திக்குத் தண்டனையாகவே திரும்பி வந்தது.

ஒருநாள் பள்ளி ஆலோசகர் ராயைக் கூப்பிட்டு வருத்தப்பட்டாள். "உங்க பொண்ணு திருந்தவே மாட்டேங்குறா சார். இவ்வளவு தண்டனை வாங்கின பிள்ளையை நான் பார்த்ததே இல்ல."

"எங்க வம்சமே அப்படித்தான் மேடம்," என்றான் ராய்.

இலையுதிர்காலம் முடியும்போது ஒரு சாயங்காலம் அது நடந்தது. கோனி உருளைக்கிழங்கை மசித்துக் கோழியை அவித்து வைத்திருந்தாள். எவரிஸ்டோ வழக்கம் போல டெலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். டெலியா தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அவர் மொழியிலேயே கேட்டாள். கிழவர் திகைத்துப்போய்ச் சொன்னார். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"என்னடி சொல்றாரு? ஏதாச்சும் பிரார்த்தனையா?" என்றாள் கோனி.

"மிளகாய் கேக்குறாரும்மா. உன் சமையல்ல ஒரு ருசியும் இல்லையாம். சாகுறதுக்குள்ள ஒரு பச்சை மிளகாயாவது கடிச்சிட்டுப் போறேன்னு கெஞ்சுறாரு."

"இத்தனை மாசமாவா?"

"இத்தனை மாசமா."

கோனி எழுந்து காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கிழவர் மிளகாயைக் கடித்துக் கண்ணீர் விட்டார். ராயும் விட்டான், அவன் மிளகாயைத் தொடவே இல்லை. அன்றிலிருந்து தாத்தாவும் பேத்தியும் மேசையில் ஓயாமல் பேசினார்கள். நடுநடுவே கோனியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் சண்டைக்குப் போவாள்.

வசந்தத்தில் உலக மொழிகள் மையத்தைத் திறந்தார்கள். முகப்பில் வெள்ளைக்கல் சுவர், அதில் ஆள் உயரத்துக்கு வெண்கல எழுத்துகள், மேலே நீலத்துணி. கால்பந்து அணி காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி வந்திருந்தது. ஹாக்கெட் அரை மணி நேரம் பேசினார். உலகத்துக்கு ஹார்லன் பள்ளி காது கொடுக்கிறது என்றார். துணி விழுந்தது.

ஊரில் பாதிக்கு அதைப் படிக்கத் தெரியும். கூட்டத்தின் இடது பக்கத்தில் ஒரு ஆள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் பக்கத்திலிருந்தவள் குலுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே எழுந்து நின்று விசிலடித்துக் கை தட்டியது.

"பாருங்க, எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்றார் ஹாக்கெட், தொலைக்காட்சியைப் பார்த்து. "இப்ப பெரியவரோட பேத்தியே இதை வாசிச்சு நமக்கு அர்த்தம் சொல்லப்போறா. வாம்மா."

டெலியா மேடையேறி நாலு வாக்கியத்தையும் தாத்தாவின் குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்தாள். இடது பக்கம் மறுபடி எழுந்தது.

"இப்ப எங்களுக்கும் சொல்லு."

"எனக்கு எப்படி சார் சொல்லத் தெரியும்? என்னை ஸ்பானிஷ்ல சேர்க்கலையே. பிரெஞ்சுலதானே போட்டீங்க." அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வேணும்னா பிரெஞ்சுல சொல்றேன். டாக்டர் வெண்டல் நல்லா சொல்லிக் கொடுத்திருக்காரு."

"சபாஷ்," என்றார் ஹாக்கெட். வெண்டல் பெருமையோடு முன்வரிசையில் எழுந்து நின்றார்.

டெலியா அவரைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் சொன்னாள். முதல் வாக்கியத்தில் வெண்டல் உச்சரிப்பை ரசித்துத் தலையாட்டினார். இரண்டாவதில் தலை நின்றது. மூன்றாவதில் சுவரைப் பார்த்தார். நாலாவதில் தன் சட்டையைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் ஹாக்கெட்டின் பக்கம் இருந்தவர்களில் விஷயம் தெரிந்த ஒரே மனிதர் இப்போது அவர்தான். அவர் தலையில் மிஞ்சியிருந்த கொஞ்சம் முடியும் வியர்வையில் நனைந்துபோயிற்று.

"என்ன சொல்றா வெண்டல்?"

வெண்டல் ராயைத் தேடினார். ராய் மூன்றாவது வரிசையில், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, காகிதத்தை மெல்லப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

அர்த்தம் தன்னிடம் இருக்கிறது என்று ஒரு வருடத்துக்கு முன் சொன்னவர் இப்போது வேறு என்ன சொல்ல முடியும்? "நன்றி சொல்றாரு சார்," என்றார் வெண்டல். "ரொம்ப... ரொம்ப நன்றி."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் ஹாக்கெட். மார்பில் கை வைத்தார். "இது சுவத்துல மட்டும் இருந்தாப் போதாது. நம்ம வாரியம், நம்ம ஆசிரியர்கள், நம்ம அலுவலர்கள், எல்லார் சட்டையிலயும் இதை அச்சடிப்போம். வெண்டல், இந்தப் பொறுப்பை உங்ககிட்டயே விடுறேன்."

செப்டம்பரில் முதல் கால்பந்து ஆட்டம். எரிவாயுக் கம்பெனி ராய்க்கு நல்ல வரிசையில் இடம் கொடுத்திருந்தது. முன்வரிசையில் வாரியம் முழுவதும் பளபளக்கும் நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. முதுகில் பொன்னிற எழுத்தில் நாலு வாக்கியம். ஓரத்தில் வெண்டல், புழுக்கத்திலும் மேலே கோட்டு போட்டிருந்தார். ஹாக்கெட் திரும்பி அவரிடம் ஏதோ கடிந்து சொன்னதும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

எவரிஸ்டோ மிளகாய் தூவிய சோளச் சிப்ஸைக் கொறித்தபடி அந்த முதுகுகளை ஒவ்வொன்றாக, எழுத்துக்கூட்டி, கடைசிவரை படித்தார். பிறகு டெலியாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டான் ராய்.

"சட்டை நல்லா இருக்காம்," என்றாள் டெலியா.